நேரலை வகுப்பில் கத்தி பிடிக்கக் கற்க முடியுமா?

“ஆன்லைன்ல படிச்ச டாக்டர்கிட்ட நீங்க ஆபரேஷன் பண்ணிப்பீங்களா?” அறுவை மருத்துவம் பயில்பவர்களுக்கு இணையம் வழியாக வகுப்பெடுக்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பது அடுத்தது. நியாயமான பயம்தான். உடம்பைத் திறக்கும் கை பழகிய கையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. நல்ல இணைய வசதி இருந்தால் போதும், உலகத்தின் சிறந்த நிபுணரிடம் வீட்டிலிருந்தபடியே அறுவை சிகிச்சை கற்றுவிடலாம் என்று அது சொல்கிறது. இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம். ஓர் அறுவை மருத்துவர் எதையெல்லாம் கற்க வேண்டும், அதில் எந்தப் பங்கைத் திரை வழியாகக் கற்பிக்க முடியும் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சிக்கலானது இல்லை, மருத்துவம் தெரியாதவருக்கும் புரிந்துவிடும்.

யாருக்கான வகுப்பு இது?

மருத்துவப் பட்டம் வாங்கியவர் உடனே அறுவை மருத்துவர் ஆகிவிடுவதில்லை. பட்டத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே, மூத்தவர்களின் கண்காணிப்பில் அறுவை சிகிச்சை பழக வேண்டும். அப்படிப் பழகுபவரைத்தான் ரெசிடென்ட் என்கிறோம். அவர் மருத்துவரும்தான், மாணவரும்தான். காலையில் வார்டு, பகலில் ஆபரேஷன் தியேட்டர், இரவில் அவசர சிகிச்சைப் பிரிவு, இடையில் கிடைக்கிற நேரத்தில் படிப்பு.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889 வாக்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் இந்த முறைக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். அன்றைய ரெசிடென்ட் மருத்துவமனையிலேயே குடியிருந்தார், பெயரே அப்படி வந்ததுதான். எந்நேரமும் அங்கேயே கிடந்ததால், அபூர்வமான நோயோடு ஒருவர் நள்ளிரவில் வந்து சேர்ந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். இன்று அப்படி இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. தூக்கமில்லாத மருத்துவரால் நோயாளிக்கு ஆபத்து என்பது புரிந்து, அமெரிக்காவில் 2003 முதல் ரெசிடென்ட்டின் வேலை நேரத்தைச் சராசரியாக வாரத்துக்கு 80 மணி என்று வரம்பு கட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு சராசரியாக 48 மணி. கற்கும் நேரம் சுருங்கியது, கற்க வேண்டியதோ பெருகிக்கொண்டே போகிறது. அதோடு, எல்லா நோயும் எல்லா மருத்துவமனைக்கும் வருவதில்லை. ஓர் இடத்தில் வாரம் நான்கு பேர் வரும் நோய்க்கு இன்னோர் இடத்தில் ஆண்டுக்கு ஒருவர்கூட வராமல் போகலாம்.

அப்புறம் 2020 வந்தது. கொரோனா காலத்தில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். ஒரே அறையில் கூடி உட்கார்ந்து கேட்கும் வகுப்புகள் நின்றன. உலகின் பல பயிற்சித் துறைகள் சில வாரங்களுக்குள் வகுப்பைத் திரைக்கு மாற்றிக்கொண்டன. அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு, அவசரம் போன பிறகும் நிலைத்துவிட்டது.

ஒரே பெயருக்குள் நாலு விஷயங்கள்

‘மெய்நிகர்’ என்ற சொல்லிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. அதைக் கேட்டதும் பலருக்கு, கண்ணை மூடும் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு காற்றில் கையை அசைப்பவர் நினைவுக்கு வருகிறார். அது கணினி வரைந்த உலகத்துக்குள் நுழைவது. இங்கே அந்தப் பேச்சே இல்லை. நேரலை மெய்நிகர் விரிவுரை என்றால், ஆசிரியரும் ரெசிடென்ட்டுகளும் வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு ஒரே நேரத்தில் திரையில் கூடிப் பேசும் வகுப்பு, அவ்வளவுதான். இனி இதைச் சுருக்கமாக நேரலை வகுப்பு என்றே சொல்கிறேன்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னும் மூன்று இருக்கின்றன. முதலாவது பதிவு செய்த வீடியோ. இதற்கும் நேரலை வகுப்புக்கும் உள்ள வித்தியாசம், கடிதத்துக்கும் போன் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. கடிதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் உங்களுக்குப் புரிந்ததா என்று கடிதம் கேட்காது. இரண்டாவது, தொலைவிலிருந்து வழிகாட்டுவது. ஒருவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே, வேறு ஊரில் இருக்கும் மூத்தவர் கேமரா வழியாகப் பார்த்து “இன்னும் கொஞ்சம் மேலே பிடிங்க” என்று சொல்வது. மூன்றாவது, தொலைவிலிருந்தே அறுவை சிகிச்சை செய்வது. 2001 செப்டம்பர் 7 அன்று ழாக் மரேஸ்கோ நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ரோபோ கருவி வழியாக அகற்றினார். வியக்க வேண்டிய சாதனை. ஆனால் அது சிகிச்சை, வகுப்பு கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ரெசிடென்ட் என்பவர் ஏற்கெனவே மருத்துவமனையில் மூத்தவர்களோடு நின்று கைப்பழக்கம் பெற்றுக்கொண்டிருப்பவர். நேரலை வகுப்பு அந்தப் பழக்கத்தோடு கூட நடக்கிற ஒன்று. நோயாளியையே பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து ஒருவர் அறுவை மருத்துவர் ஆவதில்லை.

கார் ஓட்டும் கை, கார் ஓட்டும் கண்

கார் ஓட்டப் பழகிய முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். கிளட்ச், பிரேக், கியர், கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்திருப்பீர்கள். சில மாதங்கள் கழித்து யோசனை குறைந்திருக்கும், அசைவுகள் கோவையாகியிருக்கும். சில ஆண்டுகள் போனால் பேசிக்கொண்டே கியர் மாற்றுவீர்கள், மாற்றியதே நினைவிருக்காது. பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1967-இல் இதைத்தான் மூன்று படிகளாக வகுத்தார்கள்: யோசித்துச் செய்யும் படி, கோவையாகும் படி, தன்னால் நடக்கும் படி. அறுவை சிகிச்சை கற்பிப்பவர்கள் இன்றும் இந்த மூன்று படிகளைச் சொல்லித்தான் திறன் வளர்வதை விளக்குகிறார்கள்.

இதில் முதல் படிக்கு வகுப்பு உதவும். எந்த அடுக்கைத் திறந்தால் எது வரும், எந்தக் கருவி எதற்கு, அடுத்து என்ன என்பதெல்லாம் முன்கூட்டியே மனதில் இருந்தால் கை தடுமாறுவது குறையும். இரண்டாம் படியும் மூன்றாம் படியும் வகுப்பின் கையில் இல்லை. சித்திரமும் கைப்பழக்கம். முடிச்சுப் போடுவதை ஆயிரம் முறை பார்த்தாலும், விரல் நூலைப் பிடித்து இழுத்து, எவ்வளவு இழுத்தால் திசு கிழியும் என்று உணரும்வரை முடிச்சு வராது.

ஆனால் கார் ஓட்டுவதில் இன்னொரு பாதி இருக்கிறதே. முன்னால் ஒரு லாரி, எதிரே தூரத்தில் ஒரு வெளிச்சம். முந்தலாமா, வேண்டாமா? இங்கே கியர் மாற்றத் தெரிவதால் பயன் இல்லை. வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் சரியாகக் கணிக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் பொறுக்கும் மனம் வேண்டும். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் தவறான முடிவை அது திறமையாகச் செய்து முடிக்கும், அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சையும் அப்படித்தான். அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபிராங்க் ஸ்பென்சர் 1970-களின் இறுதியில் சொன்ன ஒரு கணக்கு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். திறம்படச் செய்த ஓர் அறுவை சிகிச்சையில் 75 சதவீதம் முடிவெடுப்பது, 25 சதவீதம் கை நுட்பம் என்றார் அவர். இது அளந்து எடுத்த எண் இல்லை, ஓர் அனுபவசாலியின் மதிப்பீடு. இருந்தாலும், மதிப்பீட்டுக்கு அப்பால் ஒரு தெளிவான சான்றும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பித்தப்பைக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

இரண்டு குழாய்கள், ஒரு மயக்கம்

கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை பித்தப்பை. கல்லீரலில் ஊறும் பித்தநீர் ஒரு முக்கியக் குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. அந்தக் குழாயையும் பித்தப்பையையும் இணைப்பது ஒரு குட்டிக் குழாய். பித்தப்பையில் கல் சேர்ந்து தொல்லை கொடுத்தால் பையையே எடுத்துவிடுவார்கள். அதற்குக் குட்டிக் குழாயையும், பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையும் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். முக்கியக் குழாயைத் தொடவே கூடாது. அதை வெட்டிவிட்டால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியும், மஞ்சள் காமாலை வரும், பெரிய மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை தேவைப்படும். சிலருக்கு அதன் பாதிப்பு வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

இன்று இந்தச் சிகிச்சை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் நடக்கிறது. அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, ஒரு துளையில் கேமராவும் மற்றவற்றில் நீளமான கருவிகளும் நுழைத்து, திரையைப் பார்த்துச் செய்வது. பித்தப்பையைத் தப்பான கோணத்தில் இழுத்தால் குட்டிக் குழாயும் முக்கியக் குழாயும் ஒரே கோட்டில் வந்து, ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று போலத் தெரியும். அழற்சி இருந்தால் எல்லாமே ஒட்டிக் கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் அனுபவசாலியும் ஏமாறலாம்.

2003-இல் லாரன்ஸ் வே என்ற அறுவை நிபுணரும் அவருடைய குழுவினரும், லேப்ராஸ்கோப்பி சிகிச்சையில் பித்தக் குழாய் காயப்பட்ட 252 பேரின் ஆவணங்களை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 97 சதவீதத்துக்கு முதன்மைக் காரணம் பார்வை மயக்கம், அதாவது ஒன்றைப் பார்த்து வேறொன்று என்று நம்பியது. கை நுட்பக் குறை என்று சொல்லத்தக்கவை 3 சதவீதம்தான். வெட்டியவர்களின் கை நடுங்கவில்லை. தவறான குழாயை மிகச் சரியாக வெட்டினார்கள்.

இந்த எண்ணை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை என் ரெசிடென்ட்டுகளின் விரல்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், பார்த்ததை என்னவென்று நம்புகிறார்கள் என்று கேட்டதே இல்லை.

இந்த மயக்கத்துக்கு எதிராக ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் ஒரு நிபந்தனையை முன்வைத்திருந்தார். பாதுகாப்புப் பார்வை என்று தமிழில் சொல்லலாம். மூன்று விஷயங்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கிளிப். பித்தப்பைக்கும் குழாய்க்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி, சுமார் மூன்றில் ஒரு பங்கு, கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள்தான் நுழைகின்றன என்று தெளிவாகத் தெரிய வேண்டும். இது கையால் செய்து காட்டும் திறமை மட்டும் இல்லை. ‘தெரிகிறது’ என்பதற்கும் ‘தெரிவது போல இருக்கிறது’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும் பார்வை. அந்தப் பார்வையைத் திரையில் பழக்கலாம். ஏனென்றால் லேப்ராஸ்கோப்பியில் மருத்துவர் பார்ப்பதும் ஒரு திரையைத்தான். வகுப்பில் ரெசிடென்ட் பார்க்கும் படமும் தியேட்டரில் மருத்துவர் பார்க்கும் படமும் ஒன்றே.

ஒரு வகுப்பின் நடுவில்

நான் இதை நடத்தும் விதத்தைச் சொல்கிறேன். முன்பே பதிவு செய்து, நோயாளியின் அடையாளங்களை நீக்கிய ஒரு பித்தப்பை வீடியோவை ஓடவிடுகிறேன். பல மருத்துவமனைகளிலிருந்து முப்பது ரெசிடென்ட்டுகள் பார்க்கிறார்கள். கருவி கொழுப்பைச் சிறிது சிறிதாக விலக்குகிறது. குழாய் போல ஒன்று தெரிகிறது, பக்கத்தில் மெல்லியதாக இன்னொன்று. சரியாக அந்த இடத்தில் வீடியோவை நிறுத்துகிறேன்.

“இப்போ கிளிப் போடுவீங்களா, மாட்டீங்களா? எல்லாரும் வாக்குப் போடுங்க.”

திரையில் இரண்டு பொத்தான்கள். யார் எதை அழுத்தினார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது, முடிவும் எல்லோரும் வாக்களித்த பிறகுதான் தெரியும். இந்தச் சின்ன ஏற்பாடு பெரிய வேலை செய்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டால் முதலாம் ஆண்டு ரெசிடென்ட் சீனியரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார். இங்கே அவர் தன் கண்ணை மட்டும் நம்பியாக வேண்டும்.

ஒருநாள் பத்தொன்பது பேர் ‘போடுவேன்’ என்றார்கள். அதில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்காமல், போடுவேன் என்றவர்களில் யாராவது காரணம் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். நாலு நொடி, ஐந்து நொடி. ஒரு மைக் திறந்தது.

“சார், ரெண்டு அமைப்பு தெளிவா தெரியுது. குழாயும் தமனியும். அதனால போடுவேன்.”

“சரிம்மா. முன்பக்கம் ரெண்டு தெரியுது. பின்பக்கம்?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “பின்பக்கம் இன்னும் காட்டல சார்” என்றார்.

வீடியோவை மீண்டும் ஓடவிட்டேன். கேமரா பின்பக்கம் திரும்பியது. அங்கே கொழுப்பு அப்படியே கிடந்தது. அதை விலக்கியபோது, குட்டிக் குழாய் என்று பலரும் நினைத்தது முக்கியக் குழாயோடு ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. முப்பது பேரில் யாரும் பேசவில்லை. அந்த நிமிடத்தில் அந்தப் பத்தொன்பது பேரும் கற்றதை, பாதுகாப்புப் பார்வையின் மூன்று நிபந்தனைகளையும் வரிசையாக எழுதிக் காட்டி என்னால் கற்பித்திருக்க முடியாது. தப்புச் செய்தார்கள், தப்பு என்று உடனே கண்டார்கள், எந்த நோயாளிக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பி வரும் பாதை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் நினைவில் தங்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நேரலை வகுப்பில் ‘நேரலை’ என்பதன் பயன், ஆசிரியரின் குரல் உடனே போய்ச் சேர்வதில் இல்லை. அதைப் பதிவு வீடியோவும் செய்யும். ரெசிடென்ட்டின் தவறு ஆசிரியரிடம் உடனே திரும்பி வருவதில்தான் இருக்கிறது. போகும் பாதை மட்டும் இருந்தால் அது ஒலிபரப்பு. வரும் பாதையும் இருந்தால்தான் வகுப்பு.

இதற்கு மூளை வேலை செய்யும் விதத்திலும் காரணம் உண்டு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று எளிமையானது. மாணவர்களில் சிலர் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். ஆக, கேட்கும்போது ‘எல்லாம் புரிந்துவிட்டது’ என்று தோன்றுவதும் ஒரு மயக்கம்தான். மனதிலிருந்து வெளியே இழுத்து எடுத்தது தங்குகிறது, வெறுமனே உள்ளே போனது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

எனவே ஒரு மணி நேரம் ஸ்லைடு படித்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் “சந்தேகம் ஏதாவது?” என்று கேட்கும் வகுப்பு, நேரலையில் நடந்தாலும் நேரலை வகுப்பு ஆகாது. அதைப் பதிவு செய்து அனுப்பியிருக்கலாம். இருபத்து நாலு மணி நேரப் பணி முடித்துக் கண் எரிய உட்கார்ந்திருக்கும் ஒருவரின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். அந்த நேரத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த பிடிவாதம் உண்டு.

தியேட்டரிலேயே இதையெல்லாம் கற்பிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கற்பிக்கிறோம். ஆனால் முக்கியமான நிமிடத்தில், ரத்தம் கசியும்போது, மூத்தவரின் வாய் தானாக மூடிக்கொள்ளும். பக்கத்தில் கேமராவைப் பிடித்திருக்கும் ரெசிடென்ட்டின் கவனம் முழுவதும் கை அசையாமல் நிற்பதில் இருக்கும். முடிவு எடுக்கும் கணம் அப்படிப் பேச்சில்லாமல் கடந்துபோகிறது. வகுப்பில் அந்தக் கணத்தை நிறுத்திவைத்துப் பேசலாம். அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் பார்வை இங்கே முப்பது பேருக்குக் கிடைக்கிறது. அபூர்வமான ஒரு நோயைப் பார்த்த ஒரே மருத்துவமனை தன் அனுபவத்தை மற்ற எல்லா மருத்துவமனைகளுக்கும் கொடுக்க முடிகிறது.

சுருக்கமாக: அறுவை சிகிச்சையில் கையும் உண்டு, கண்ணும் உண்டு. நேரலை வகுப்பு கண்ணையும் முடிவையும் பழக்கும், அதுவும் கேள்வி இரண்டு பக்கமும் ஓடினால் மட்டும்.

படம் எப்படி வந்து சேர்கிறது என்பதும் முக்கியம்

வழக்கமான அலுவலகக் கூட்டத்துக்கும் அறுவை வகுப்புக்கும் ஒரே மென்பொருள்தான் பயன்படுகிறது. ஆனால் அலுவலகத்துக்குப் பொருந்தும் அமைப்பு இங்கே பொருந்தாது.

முதலில் தாமதம். நீங்கள் சொன்னது மறுமுனைக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம் அது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி பெரும்பாலும் 200 மில்லிநொடி அளவில்தான் இருக்கும், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் பொதுவான அளவுகோல். அதைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு ஒளிபரப்பும் தளங்களில் தாமதம் பல நொடிகள் ஆகும். அங்கே கேள்வி வந்து சேரும்போது வீடியோ அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். ஆகவே உரையாடல் வேண்டுமானால் சந்திப்பு வகை மென்பொருள்தான் சரி, கூட்டமும் சிறியதாக இருக்க வேண்டும்.

அடுத்து அசைவு. திரையைப் பகிரும்போது மென்பொருள் அதில் எழுத்துகள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கூர்மைக்கு முன்னுரிமை தரும், அசைவைக் குறைத்துவிடும். ஸ்லைடுக்கு அது நல்லது. அறுவை வீடியோவோ துண்டு துண்டாகத் தாவும், கருவி திசுவை எப்படி விலக்கியது என்றே தெரியாது. வீடியோவுக்கென்று தனியே ஒரு தேர்வு பல மென்பொருள்களில் உண்டு. அதை அழுத்த மறந்து பாழான வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டு நானே எடுத்தவை.

நிறம் கொஞ்சம் நுட்பமான விஷயம். வீடியோவின் அளவைச் சுருக்க, வெளிச்சத்தின் விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிறத்தின் விவரத்தைக் குறைப்பது வழக்கமான முறை. மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தை நன்றாகவும் நிற வித்தியாசத்தைக் குறைவாகவும் உணர்வதால், ஒரு முகத்தைப் பார்க்கும்போது இது தெரியாது. ஆனால் வயிற்றுக்குள் எல்லாமே சிவப்பும் மஞ்சளும்தான். கொழுப்பின் மஞ்சளுக்கும் குழாயின் மங்கிய மஞ்சள்பச்சைக்கும் இடையிலான எல்லைதான் அங்கே பாடமே. இணைப்பு மோசமாகும்போது முதலில் கரைவது இதுதான். அதனால் முக்கியமான காட்சிகளை மட்டும் தனிக் கோப்பாக முன்கூட்டியே அனுப்பிவைப்பது நல்ல வழக்கம். வகுப்பில் எல்லோரும் தங்கள் கணினியிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சையே நேரலையில் ஓட வேண்டுமா?

நேரலை என்றதும் அறுவை சிகிச்சையே அந்நேரத்தில் நடக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆசைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1590-களில் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் கட்டிய உடற்கூறியல் அரங்கில், மாணவர்கள் வட்ட வட்டமான மாடங்களில் நின்று கீழே நடக்கும் உடல் பகுப்பைப் பார்த்தார்கள். 1965-இல் மைக்கேல் டிபேக்கி ஹூஸ்டனில் செய்த இதய அறுவை சிகிச்சை, ‘எர்லி பேர்ட்’ செயற்கைக்கோள் வழியாக ஜெனீவாவில் இருந்த மருத்துவர்களுக்கு நேரடியாகக் காட்டப்பட்டது.

பார்க்கச் சிலிர்ப்பாகத்தான் இருக்கும். பயிற்சிக்கு அது தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கருத்து. அறுவை மேசையில் இருப்பவருக்கு மருத்துவரின் முழுக் கவனம் உரியது. நூறு பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணமும், நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்ற அவசரமும், கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும் அந்தக் கவனத்திலிருந்துதான் கழியும். எனவேதான் சில மருத்துவச் சங்கங்கள் நேரலை அறுவைக் காட்சிகளுக்குக் கடுமையான விதிகள் வகுத்திருக்கின்றன. முடிந்துபோன சிகிச்சையின் பதிவையும் நேரலை உரையாடலையும் சேர்த்தால் பாடம் முழுதாகக் கிடைக்கும், விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், நோயாளிக்குப் புதிதாக எந்த ஆபத்தும் இல்லை.

நோயாளியின் சம்மதம் இங்கே பேசியே ஆக வேண்டியது. சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் வீடியோவைக் காட்டுவதற்குச் சம்மதம் ஆகாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். முகம், பெயர், மருத்துவமனை எண், தேதி எதுவும் தெரியக் கூடாது. லேப்ராஸ்கோப்பி வீடியோவில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. லென்ஸைத் துடைப்பதற்காகக் கேமராவை வெளியே எடுக்கும் அந்தச் சில நொடிகளில் அறையும் ஆட்களும், சில நேரம் நோயாளியின் பெயர் எழுதிய திரையும் பதிவாகிவிடும். அந்தத் துண்டுகளை வெட்டிவிட வேண்டும்.

வகுப்பு நிற்கும் இடம்

ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990-இல் ஒரு பிரமிடை வரைந்தார். அடித்தளத்தில் ‘தெரியும்’. அதற்கு மேல் ‘எப்படிச் செய்வதென்று தெரியும்’. அதற்கும் மேல் ‘செய்து காட்டுவார்’. உச்சியில் ‘தினசரி வேலையில் செய்கிறார்’. நேரலை வகுப்பின் எல்லை இரண்டாம் தளம். அதற்கு மேல் ஏறச் சிமுலேட்டர் வேண்டும், அதாவது நோயாளிக்குப் பதிலாகக் கையைப் பழக்கும் மாதிரிக் கருவி. அது விலை உயர்ந்த இயந்திரமாகவும் இருக்கலாம், துளை போட்ட பெட்டிக்குள் கேமராவும் கருவியும் நுழைத்துச் செய்ததாகவும் இருக்கலாம். அதற்கும் மேலே மூத்தவர் பக்கத்தில் நின்று பார்க்கும் உண்மையான சிகிச்சை.

அதனால் வகுப்பில் கலந்துகொண்ட சான்றிதழை யாராவது திறமைச் சான்றிதழாகக் காட்டினால் நம்பாதீர்கள். ஒருவர் தனியாகச் செய்யத் தகுதி பெற்றாரா என்பதை, அவர் செய்வதை நேரில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு என் பதிலும் இதுதான். ஆன்லைனில் மட்டும் படித்தவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ள மாட்டேன். கைப்பழக்கத்தோடு, தன் முடிவுகளைப் பல பேர் முன்னால் சொல்லித் திருத்திக்கொண்டவர் கிடைத்தால் அவரிடம் போய்ப் படுப்பேன்.

அன்று ‘பின்பக்கம் இன்னும் காட்டல சார்’ என்று சொன்ன ரெசிடென்ட் சில வாரங்கள் கழித்து வகுப்பு முடிந்ததும் இணைப்பிலேயே இருந்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: “சார், நேத்து பித்தப்பை கேஸ்ல நான்தான் கேமரா பிடிச்சேன். சீனியர் கிளிப் கேட்டாங்க. கேட்டதும் நானே கேமராவைப் பின்பக்கம் திருப்பிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல சார். பார்த்தாங்க. கிளிப்பைத் திருப்பிக் கொடுத்துட்டு இன்னும் கொஞ்சம் பிரிச்சாங்க.”